இக்னிஷன் காயில் பழுதை உறுதிசெய்வது எப்படி?

பெட்ரோல் கார் ஐட்லிங்கில் உதறத் தொடங்கி, மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து, டேஷ்போர்டில் எஞ்சின் செக் விளக்கும் எரிந்துவிட்டால், இன்று பல பட்டறைகளில் முதலில் சொல்லப்படும் தீர்ப்பு "காயில் போய்விட்டது" என்பதுதான். அது பல நேரங்களில் உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், எலி கடித்த ஒயர், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டர் ஆகிய ஒவ்வொன்றும் இதே அறிகுறிகளைத் தரக்கூடியவை. காயிலை மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவோம் என்று போவது உரிமையாளரின் பணத்தைக் கரைக்கும் வழி. ஒருமுறை வண்டியில் மாட்டிக் கழற்றிய மின்சார உதிரிபாகத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் கண்டுபிடித்து, காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றும்போது பழுதும் அதனோடு கூடவே போகிறதா என்று பார்த்து, அதன் பிறகே காயிலைக் குறை சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொண்டு அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன். மற்ற அமைப்புகளில் மாறுபடும் இடங்களையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

காயில் செய்யும் வேலை

இக்னிஷன் காயில் அடிப்படையில் ஒரு மின்மாற்றிதான். இரும்பு உள்ளகத்தைச் சுற்றித் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், மிக மெல்லிய கம்பியில் அதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகளும் இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் தடித்த சுற்றில் சில மில்லி விநாடிகள் பாய்ந்து காந்தப்புலத்தை உருவாக்குகிறது. உரிய நேரத்தில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் கட்டளைப்படி ஒரு டிரான்சிஸ்டர் அந்த ஓட்டத்தைச் சட்டென்று துண்டிக்கும்போது காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சோதனைகள் அனைத்தும் எளிதாகிவிடும். காயில் ஒவ்வொரு முறையும் தன்னால் முடிந்த முழு வோல்டேஜையும் வெளியிடுவதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எழும். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் காற்று குறைவாகவும் அழுத்தம் தாழ்வாகவும் இருப்பதால் 10,000 வோல்ட் அளவே போதுமானதாக இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது அழுத்தம் கூடி, அதே இடைவெளியைத் தாண்ட அதைவிட மிக அதிகமான வோல்டேஜ் தேவைப்படும். நல்ல காயிலிடம் 30,000 வோல்ட்டுக்கும் மேல் கையிருப்பு இருக்கும். உள்ளே இன்சுலேஷன் பழுதடைந்த காயில், கேட்கப்படும் வோல்டேஜ் உயர்ந்ததும் பிளக்கைத் தாண்டாமல் தனக்குள்ளேயோ காயிலின் அடியில் பிளக்கின் தலையை மூடும் 'பூட்' (boot) என்ற ரப்பர் உறையின் வழியாகவோ எர்த் ஆகிவிடும். ஐட்லிங்கில் ஒழுங்காக ஓடும் வண்டி மூன்றாம் கியரில் மேம்பாலம் ஏறும்போது மட்டும் மிஸ் அடிப்பதற்கு (ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுவதற்கு, அதாவது மிஸ்ஃபயருக்கு) இதுவே காரணம்.

சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். எரிவாயுக் கலவையில் பொறி தாவுவதற்குப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால், பெட்ரோலில் சீராகவும் சிஎன்ஜியில் உதறலாகவும் ஓடும் வண்டியில் கேஸ் கிட்டை டியூன் செய்யக் கிளம்புவதற்கு முன் பிளக்குகளையும் காயில்களையும் பார்த்துவிடுவதே முறை.

உங்கள் வண்டியில் எந்த அமைப்பு இருக்கிறது என்பதையும் பானெட்டைத் திறந்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் கால மாருதி 800 போன்றவற்றில் ஒரே காயில் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக எல்லாச் சிலிண்டர்களுக்கும் மின்சாரம் தந்தது. அங்கே காயில் கெட்டால் வண்டியே நின்றுவிடும், அல்லது எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து தடுமாறும். அதற்குப் பின் வந்த பல எஞ்சின்களில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொதுவாக இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 4 ஒரு ஜோடி. 2, 3 இன்னொரு ஜோடி. இரண்டும் ஒன்றாக மிஸ் ஆனால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஜோடியில் ஒன்று மட்டும் மிஸ் ஆனால் முதலில் அதன் பிளக் ஒயரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒரு காயில். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் இல்லாததால் இக்னிஷன் காயிலே கிடையாது.

அறிகுறிகளைக் கேட்டு அறிதல்

கருவியைக் கையில் எடுக்கும் முன் வண்டியை ஓட்டுபவரிடம் சில கேள்விகள் கேட்டுவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். மிஸ் அடிப்பது காலையில் ஸ்டார்ட் செய்தவுடனா, அல்லது எஞ்சின் சூடேறிய பின்னா? காயிலின் உள்ளே இருக்கும் பிசின் பூச்சு வெப்பத்தில் விரிந்து விரிசல் விட்டிருந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு தடுமாறும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் சரியாகிவிடும். மழைக்குப் பின்னா, வாட்டர் வாஷ் செய்த மறுநாளா? அப்படியானால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஐட்லிங்கில் அதிகமாக உதறி, வேகம் எடுத்ததும் குறைகிறதா? அது காற்றுக் கசிவையே பெரும்பாலும் காட்டுகிறது. ஐட்லிங்கில் சுமாராக இருந்து, பாரம் ஏறும்போது தடுமாறுகிறதா? அது ஸ்பார்க் பக்கம் பார்க்கச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சுவிட்சை அணைத்ததுபோல் முழுவதுமாக நின்று, சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது என்றால், நான்கு காயில்களும் ஒரே நொடியில் கெட்டிருக்க முடியாது. கிராங்க் சென்சார், மெயின் ரிலே, ஃபியூஸ், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

எஞ்சின் செக் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வேறுபாடு உண்டு. மின்னினால், எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது காயிலின் விலையைப் பல மடங்கு மிஞ்சும் செலவில் கொண்டுபோய் விடும். ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது. நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாகப் பக்கத்துப் பட்டறை வரை மட்டும் போக வேண்டும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படியுங்கள். செல்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறு கருவியே இந்த வேலைக்குப் போதும். பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகளின் கடைசி எண் மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரைக் காட்டும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் என்றில்லாமல் பலவற்றில் மிஸ்ஃபயர் ஆகிறது. பி0351 முதல் பி0354 வரையிலானவை அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் குறை இருப்பதைச் சொல்கின்றன.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதால்தான் நல்ல காயில்கள் பல குப்பைக்குப் போகின்றன. பி0303 வந்தால், மூன்றாம் சிலிண்டர் எரியும்போது கிராங்க் சுழலும் வேகம் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்பதை மட்டுமே ஈசியூ கண்டிருக்கிறது. காரணம் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்பது அதற்குத் தெரியாது. பி0353 வந்தால், மின்சுற்றிலேயே குறை தெரிந்திருக்கிறது. அப்போதும் அது காயிலாகவும் இருக்கலாம், காயிலுக்கு வரும் ஒயராகவோ, அந்த ஒயரின் முனையில் உள்ள இணைப்பான கப்ளராகவோ கூட இருக்கலாம்.

குறியீட்டை அழிக்கும் முன், அது பதிவான தருணத்தின் விவரங்களை ஸ்கேனரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் பாரம் எவ்வளவு, கூலன்ட் வெப்பநிலை என்ன என்பன அங்கே இருக்கும். பின்னால் பழுதை மீண்டும் வரவழைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதே நிலையை உருவாக்குவதற்கு அந்த எண்கள்தான் வழிகாட்டும். சிலிண்டர் எண்களைப் பற்றியும் ஒரு சொல்: வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சின்களில் பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து 1 தொடங்கும். உறுதியில்லை என்றால் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. தவறான சிலிண்டரைக் கழற்றிச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

ஸ்கேனர் இல்லாத இடத்தில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கப்ளரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றியவுடன் எஞ்சின் சத்தம் தாழ்ந்து உதறல் கூடும். எதைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ அதுதான் முன்பே வேலை செய்யாதிருக்கும் சிலிண்டர். ஈசியூ ஐட்லிங்கைச் சில விநாடிகளில் சரிக்கட்டிவிடும் என்பதால், கழற்றிய அந்தக் கணத்தில் கேட்கும் மாற்றத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். பலர் இதே சோதனையைக் காயில் கப்ளரைக் கழற்றிச் செய்கிறார்கள். அப்போது பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குள் போகிறது என்பதால், கை எட்டும் வரை இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுவதையே நான் விரும்புகிறேன். எஞ்சின் ஓடும்போது காயிலையே பிளக்கிலிருந்து பிடுங்குவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. போக இடமில்லாத உயர் வோல்டேஜ் உங்கள் கையிலோ காயிலின் இன்சுலேஷனிலோ இறங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினின் ஸ்பார்க் பகுதிக்கு அருகில் நிற்கவே வேண்டாம்.

கழற்றிப் பார்த்தல்

இக்னிஷனை அணைத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சந்தேகத்துக்குரிய சிலிண்டரின் காயிலைக் கழற்றலாம். அதற்கு முன் கப்ளருக்கு வரும் ஒயரைக் கையால் தடவிப் பாருங்கள். எஞ்சின் சூட்டுக்காக எலி குடியேறிய வண்டிகளில் ஒயரின் மேலுறை சுரண்டப்பட்டிருப்பதும், செம்புக் கம்பி ஓரிரு இழைகளில் மட்டும் தொங்குவதும் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. கப்ளரைப் பூட்டும் கொக்கி வெப்பத்தில் நொறுங்கிப்போயிருந்தால் அது சரியாக உட்காராமல் அதிர்வில் தொடர்பு விட்டுவிட்டு வரும். உள்ளே பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலும் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட்தான் காயிலைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகச் சற்றே திருகி ரப்பர் ஒட்டலை விடுவித்து, நேராக மேலே இழுங்கள். குழியைச் சுற்றியுள்ள தூசியையும் மணலையும் முன்கூட்டியே காற்றடித்து அகற்றிவிட்டால், பிளக்கைக் கழற்றும்போது அவை சிலிண்டருக்குள் விழாது.

இப்போது டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். தண்ணீர் நின்றிருந்தால் உலர்த்தி, காயிலையும் துடைத்து மாட்டினாலே பழுது தீர்ந்துவிடக்கூடும். வாட்டர் வாஷுக்குப் பின் வரும் வண்டிகளில் புதிய காயில் வாங்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் பேக்கிங்கோ, பிளக் குழாயின் ஆயில் சீலோ கசிகிறது. அந்த ஆயில் பூட்டின் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கி இன்சுலேஷனைக் கெடுத்துவிடும். கசிவை நிறுத்தாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மேல் முனையிலிருந்து கீழே உலோக உடல் வரை பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கருங்கோடு நேராகவோ வளைந்தோ இறங்கியிருந்தால், மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பீங்கானின் மேற்பரப்பு வழியே எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது. துணியால் துடைத்தாலும் அந்தக் கோடு போகாது. பூட்டின் உட்புறத்தை விரித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதற்கு இணையான இன்னொரு தடமும் இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் வேலை, ஏனெனில் பழைய பூட்டின் தடம் புதிய பிளக்கிலும், பழைய பிளக்கின் தடம் புதிய பூட்டிலும் சில நாளிலேயே பதிந்துவிடும். பல காயில்களில் பூட் தனியாகக் கிடைக்கும் என்பதால், காயிலின் உடல் நன்றாக இருந்தால் பூட்டையும் பிளக்கையும் மாற்றிப் பார்ப்பது சிக்கனமான வழி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. உலோக உடலுக்குச் சற்று மேலே, பீங்கானைச் சுற்றி வளையமாக வெளிர் பழுப்புக் கறை படிந்திருப்பது உயர் வோல்டேஜ் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்ப்பதால் உண்டாவது. அது பழுதல்ல, சிலிண்டர் கசிவும் அல்ல. அதைக் காரணமாகக் காட்டி நல்ல பிளக்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

பிளக்கின் கீழ் முனை பெட்ரோலில் நனைந்து வாடை வீசினால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் விழவில்லை என்று கொள்ளலாம். முனை காய்ந்து சுத்தமாக இருந்து அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இன்ஜெக்டரையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும்.

இடம் மாற்றும் சோதனை

காயில் பழுதைக் கண்டறியும் முறைகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான். பணம் செலவில்லை, சிறப்புக் கருவி தேவையில்லை, விடையும் தெளிவாகக் கிடைக்கும். மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் காயிலை ஒன்றிலும், ஒன்றின் காயிலை மூன்றிலும் மாட்டுங்கள். பிளக்குகளை இப்போது தொடாதீர்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால், பழுது இடம் மாறினாலும் இரண்டில் எது காரணம் என்பது தெரியாமல் போய்விடும். கப்ளர்கள் அந்தந்த இடத்துக்கு உரியனவாகவே இருக்க வேண்டும். ஒயரை இழுத்து வேறு காயிலில் மாட்டினால் ஸ்பார்க் தவறான நேரத்தில் விழும்.

குறியீடுகளை அழித்துவிட்டு, முன்பு குறித்துவைத்த நிலை வரும் வரை வண்டியை ஓட்டுங்கள். சூடேறிய பின் வரும் பழுது என்றால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வர வேண்டும். பாரத்தில் வரும் பழுது என்றால் மேடு ஏற வேண்டும். பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டுவது பயனற்றது. மிஸ்ஃபயர் குறியீடு பல வண்டிகளில் இரண்டு பயணங்களில் உறுதியான பிறகே விளக்கை எரியவைக்கும் என்பதால், விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரில் நிலுவைக் குறியீடுகள் பகுதியையும் பாருங்கள்.

பி0303 மறைந்து பி0301 வந்தால் பழுது காயிலோடு போயிருக்கிறது. காயிலை மாற்றலாம். பி0303 அப்படியே நின்றால் காயில் குற்றமற்றது. அடுத்து பிளக்குகளை மட்டும் இடம் மாற்றி அதே ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் மூன்றிலேயே நின்றால் ஒயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் போக வேண்டும். குறியீடே வராமல் வண்டி நன்றாக ஓடினால், கழற்றி மாட்டியதில் தளர்ந்திருந்த கப்ளர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. அந்தக் கப்ளரின் பின்களையும் கொக்கியையும் மறுபடி பார்க்காமல் விட்டால் பழுது திரும்பி வரும்.

மீட்டரால் என்ன தெரியும்?

இடம் மாற்றியும் பழுது நகரவில்லை என்றால், அந்தச் சிலிண்டரின் காயில் கப்ளருக்கு மின்சாரமும் கட்டளையும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் உள்ளேயே அமைந்த காயில்களில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு பின்கள் இருக்கும்; ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று ஈசியூவின் கட்டளை. நான்காவது இருந்தால் பல வண்டிகளில் அது ஸ்பார்க் நடந்ததை ஈசியூவுக்குத் திருப்பிச் சொல்லும் இணைப்பு. இரண்டு பின் காயில்களில் 12 வோல்ட்டும், ஈசியூ துண்டிக்கும் முனையும் மட்டுமே உண்டு. எது எந்தப் பின் என்பதை வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மூன்று அல்லது நான்கு பின் கப்ளராக இருந்தால், அதைக் கழற்றி இக்னிஷனை ஆன் செய்து, 12 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மீட்டரை வைத்தால் பேட்டரி வோல்டேஜ் காட்ட வேண்டும். ஆனால் ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் முழு வோல்டேஜ் காட்டும் என்பதால், அதே இரு பின்களுக்கு இடையே 5 வாட் சிறு பல்பு ஒன்றை எரியவிட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் சுமையைத் தாங்குகின்றன; மங்கினால் எங்கோ தடை இருக்கிறது. கட்டளைப் பின்னில் மட்டும் பல்பை வைத்துவிடாதீர்கள், ஈசியூவின் உள்சுற்று அந்தச் சுமையைத் தாங்காது. அதற்கு எல்இடி டெஸ்டர் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது துடிப்பு தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

காயிலின் ஓம் அளவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரண்டு பின் காயிலின் முதன்மைச் சுற்று பெரும்பாலும் 0.4 முதல் 2 ஓம் வரையிலும், உயர் வோல்டேஜ் சுற்று சில ஆயிரம் ஓம்களிலும் இருக்கும். சரியான எண்ணைக் கையேட்டில் பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய தடையை அளக்கும்போது மீட்டரின் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். அளவு முற்றிலும் தவறாக இருந்தால் காயில் கெட்டது என்பது உறுதி. சரியாக இருந்தால் காயில் நல்லது என்று உறுதியாகாது, ஏனெனில் மீட்டர் சோதிப்பது ஓரிரு வோல்ட்டில்; இன்சுலேஷன் உடைவது பல்லாயிரம் வோல்ட்டில், அதுவும் பெரும்பாலும் சூட்டில். டிரான்சிஸ்டரோ டயோடோ உள்ளே இருக்கும் காயில்களில் ஓம் அளவு எந்தப் பொருளும் தராது. மீட்டரில் அளவு வரவில்லை என்பதற்காக அவற்றைக் கழித்துக் கட்டக் கூடாது.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் எர்த் வைத்துச் செல்ஃப் அடித்து, பொறி விழுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் இதேபோல் ஏமாற்றக்கூடியது. திறந்த காற்றில் 1 மி.மீ. இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும் என்பதால், பலவீனமான காயிலும் அங்கே நீலப் பொறியைக் காட்டிவிடும். பொறியே இல்லை என்றால் தகவல் உண்டு; இருந்தால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் 10 மி.மீ. அளவில் வைத்து, பொறி தடையின்றித் தாவுகிறதா என்று பார்க்கலாம். இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழற்றி, பெட்ரோல் ஆவி இல்லாத காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள். பைக்கில் இந்தச் சோதனை எளிது. அங்கே காயிலைக் குறை சொல்லும் முன் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் கருகிய நுனியைச் சில மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பார்ப்பது பல நேரங்களில் பழுதையே தீர்த்துவிடும்.

மாற்றும்போதும் மாற்றிய பின்னும்

கெட்டது ஒன்று என்றால் ஒன்றை மட்டும் மாற்றுவதே போதும் என்பது என் கருத்து. ஆனால் பிளக்குகளை நான்கையும் பார்த்துவிட வேண்டும். பிளக் தேயத் தேய இடைவெளி விரிந்து, அதைத் தாண்டக் காயில் எப்போதும் அதிக வோல்டேஜ் எழுப்ப நேர்கிறது; காயில்கள் காலத்துக்கு முன் சாவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. பழைய பிளக்கின் மேல் புதிய காயிலை மாட்டுவது அதன் ஆயுளை முதல் நாளிலேயே குறைப்பதாகும்.

பழைய காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் காயில்களில் பின்களின் வரிசை வேறாக இருக்கக்கூடும். விலை மிகக் குறைவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் காயில்களின் உள்பூச்சு சூட்டைத் தாங்காமல் சீக்கிரமே விரிசல் விடுவதால், இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பிளக்கை முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். 14 மி.மீ. மரை உள்ள பிளக்குக்கு அது பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். பூட்டின் உள்விளிம்பில் மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் ஈரம் புகாது, அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் கிழியவும் செய்யாது. காயில் போல்ட்டை மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக் காது உடையும். கப்ளர் "டக்" என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகே கையை எடுங்கள்.

குறியீடுகளை அழித்து, பழுது வந்த அதே சூட்டிலும் அதே பாரத்திலும் வண்டியை ஓட்டி, நிலுவைக் குறியீடும் இல்லை என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். அதே சிலிண்டரில் புதிய காயிலும் சில மாதங்களில் கெட்டால், மூன்றாவதை வாங்குவதற்கு முன் அந்தக் குழியில் ஆயில் கசிகிறதா, எர்த் ஒயர் எஞ்சினில் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ் 14.5-ஐத் தாண்டி எகிறுகிறதா, கட்டளை ஒயர் எங்காவது 12 வோல்ட்டோடு உரசுகிறதா ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள்.